மருத்துவ ஆசிரியர்களுக்குச் சமத்துவப் பயிற்சி: மலையகத்தில் முதல் முறையாக நடத்துவோருக்கு

பீடக் கூட்டத்தில் யாரோ ஒருவர், “பாகுபாடு, சுகாதாரச் சமத்துவம் இவை பற்றி நம் ஆசிரியர்களுக்கு ஒரு செயலமர்வு வைத்தால் நல்லது” என்று சொல்லியிருப்பார். எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். கடைசியில் அந்தப் பொறுப்பு இருப்பவர்களில் ஆக இளையவரின் தலையில் வந்து விழுந்திருக்கும். அந்த இளையவர் நீங்கள் என்றால் மேலே படியுங்கள். நீங்கள் பேராதனை மருத்துவ பீடத்தில் கற்பிக்கிறவராக இருக்கலாம். பதுளையிலோ நுவரெலியாவிலோ மாணவர்களும் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களும் சுற்றி நிற்கும் ஒரு வார்ட்டின் பொறுப்பாளராக இருக்கலாம். வேலை ஒன்றுதான்: இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ் நோயாளர்கள் பாகுபாடில்லாமல் நடத்தப்படச் செய்வது.

தொடங்குமுன் ஒரு தீர்மானம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களின் உள்ளத்தைத் திருத்தப் புறப்பட வேண்டாம். அவர்கள் நோயாளியின் கட்டிலருகில் சொல்வதையும் டிக்கட்டில், அதாவது வார்ட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் வைக்கப்படும் பதிவேட்டில், எழுதுவதையும் மாற்றினால் போதும். உள்ளத்தை அளக்க முடியாது, டிக்கட்டை அளக்கலாம். மாணவர்களும் அங்கேதான் கற்கிறார்கள். சமூக மருத்துவ விரிவுரையில் சமத்துவம் பற்றி ஒரு மணி நேரம் கேட்ட மாணவி, மறுநாள் காலை ரவுண்ட்ஸில் ஒரு பேராசிரியர் “இவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது” என்று முணுமுணுப்பதைக் கேட்டால், எதை நினைவில் வைத்துக்கொள்வாள்?

முதலில் டிக்கட்டைப் படியுங்கள்

செயலமர்வுக்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளர்களின் பழைய டிக்கட்டுகளில் முப்பது நாற்பதை எடுத்து, பெயர், இலக்கம், தோட்டத்தின் பெயர், எழுதிய வைத்தியரின் கையொப்பம் எல்லாவற்றையும் மறைத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

பிறகு சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். “எஸ்டேட்”, அதாவது தோட்டத்து ஆள், என்ற சொல் நோய் வரலாற்றின் முதல் வரியிலேயே வருகிறதா என்று பாருங்கள். வருமானால் அது சிகிச்சைக்கு எங்கேயாவது உதவியிருக்கிறதா? காய்ச்சலோடு வந்தவர் சேற்றிலும் கானிலும் வேலை செய்கிறவர் என்பது எலிக்காய்ச்சலை நினைக்கவைக்கும். பூச்சிநாசினி தெளிப்பவர் என்பதும், முதுகில் கொழுந்து சுமப்பவர் என்பதும் அவ்வாறே வேறு நோய்களை நினைக்கவைக்கும். அவையெல்லாம் தேவையான தகவல்கள். வெறுமனே “எஸ்டேட் நோயாளி” என்று எழுதி, அதை அடித்துவிட்டாலும் சிகிச்சையில் ஒன்றும் மாறாது என்றால், அந்தச் சொல் அங்கே வேறு ஏதோ வேலை செய்கிறது. எத்தனை டிக்கட்டில் அப்படி என்று எண்ணி வையுங்கள்.

அடுத்து, “மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை”, “கிளினிக்குக்கு வருவதில்லை” என்ற வரிகள். அவற்றின் கீழே காரணம் எழுதப்பட்டிருக்கிறதா? ஆண் நோயாளி என்றால் குடிப்பழக்கம் கேட்டு எழுதப்பட்டதா, பார்த்தவுடன் எழுதப்பட்டதா? எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற விபரம் இல்லாமல் ஒற்றைச் சொல்லாக நின்றால் ஊகம் என்றே வைத்துக்கொள்ளலாம். கடைசியாக, அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம். எந்த மொழியில் அச்சிட்டது, யார் விளக்கினார், விளக்கியவர் பெயர் இருக்கிறதா?

இந்த எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கும்போது “எங்கள் வைத்தியசாலையில் அப்படி எதுவும் இல்லை” என்ற பேச்சு எழுந்த இடத்திலேயே அமர்ந்துவிடும். வேறு நாட்டு ஆய்வுகளை எத்தனை அடுக்கினாலும் இந்த வலு வராது.

வரலாற்றுக்கு இருபது நிமிடம்

அதற்கு மேல் வேண்டாம். வைத்தியர்கள் வரலாற்று விரிவுரையில் தூங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, முந்தைய இரவு ஒன்கோல் கடமையில் இருந்திருப்பார்கள். ஆனால் இந்த இருபது நிமிடத்தைத் தவிர்க்கவும் கூடாது.

சொல்ல வேண்டியவை சில. 1948இன் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர் சமூகத்தின் பெரும்பகுதி நாடற்றதானது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளுக்கும் இடையே பங்கு போட்டது. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல். அதாவது இன்று உங்கள் கிளினிக்கில் வரிசையில் நிற்கும் ஐம்பது வயது அம்மா ஒருவர், பிறக்கும்போது எந்த நாட்டின் பிரஜையாகவும் இல்லாமல் இருந்திருக்கக்கூடும். அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு அவர் மீது எரிந்து விழும் பதிவு எழுதுநர் இதை அறிந்திருப்பது நல்லது.

சுகாதாரச் சேவையின் கதை இன்னும் நேரடியானது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட மக்களின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தோடு பிணைத்தது. நாட்டின் மற்றப் பகுதிகளில் அரசாங்க வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளும் வளர்ந்தபோது, தோட்டங்களில் மருந்தகமும் ஒரு தோட்ட வைத்திய உதவியாளரும் என்ற ஏற்பாடே நீண்டகாலம் தொடர்ந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்பது துண்டு துண்டாகவே நடந்தது. இதன் முடிவை ஒரே ஒப்பீட்டில் காட்டலாம். 2016இன் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப் பகுதியில் 32 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் திரையில் போட்டுவிட்டு, “தாய்மார்களின் பழக்கவழக்கம் மட்டும் இந்த இடைவெளியை உண்டாக்க முடியுமா?” என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.

யாரை அழைப்பது, எப்போது

இருபது பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். பேராசிரியர்களையும் விசேட வைத்தியர்களையும் மட்டும் ஓர் அறையில் அடைத்தால், ஒருவரை ஒருவர் புகழ்ந்துவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார்கள். வார்ட்டின் பொறுப்புத் தாதி, சுகாதார வைத்திய அதிகாரி, ஒரு குடும்ப சுகாதார உத்தியோகத்தர், ஒரு தோட்ட வைத்திய உதவியாளர் ஆகியோரும் இருக்க வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளரைப் பல விசேட வைத்தியர்கள் தம் வாழ்நாளில் சந்தித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அவர்கள் எழுதும் மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்ப்பவர் அவர்தான். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். பெயர்ப்பலகை வேண்டாம்.

நோயாளிகளை அழைக்க நினைத்தால், காட்சிப் பொருளாக அழைக்காமல் வளவாளராக அழையுங்கள். பீடத்தின் மற்ற வளவாளர்களுக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவைக் கொடுங்கள். போக்குவரத்துச் செலவு தனி. சம்பள நாளும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக் காலமும் தவிர்க்கப்பட வேண்டும். கூட்டத்துக்கு வந்ததால் ஒரு நாள் பேர் (வேலைக்கு வந்ததாகப் பதியப்பட்டுச் சம்பளம் சேரும் நாள்) போனது என்ற நிலை வரவே கூடாது. மேடையில் தம் துன்பத்தைச் சொல்லச் சொல்லாதீர்கள். “வைத்தியர் என்ன கேட்டிருந்தால் உங்களுக்கு உதவியாக இருந்திருக்கும்?” என்ற ஒரே கேள்வி போதும். அதைச் சிலர் அழகாக, கூசாமல் சொல்வார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பீடத்தில் தோட்டத்திலிருந்து படித்து வந்த விரிவுரையாளரோ மாணவரோ ஒருவர் இருந்தால், அவரையே மலையகத்தின் பிரதிநிதியாக எழுப்பி நிறுத்தும் பழக்கம் நமக்கு உண்டு. அவராக முன்வந்தால் ஒழிய வேண்டாம். “கோட்டாவில் வந்தவர்” என்ற கிசுகிசுப்பை அவர் முதலாம் ஆண்டு முதலே கேட்டுப் பழகியிருப்பார். அதற்கு மேல் இந்தச் சுமையும் எதற்கு?

ஒரே நோயாளி, இரண்டு கதை

செயலமர்வின் உயிர் இந்தப் பகுதிதான். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பயிற்சிக்காக ஒரு நோயாளியைப் புனைந்துகொள்ளுங்கள். பல டிக்கட்டுகளிலிருந்து எடுத்துக் கலந்தால் யாருடைய கதையும் வெளியே போகாது.

முதலில் ரவுண்ட்ஸில் மாணவர் சொல்வது போலவே வாசியுங்கள். “நாற்பத்து நான்கு வயதுப் பெண், எஸ்டேட். பத்து வருட நீரிழிவு, குருதியமுக்கம். மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை. கடைசி இரண்டு கிளினிக்குக்கு வரவில்லை. வலது காலில் புண், சீனி 380.” இப்போது பங்குபற்றுநர்களிடம் சிகிச்சைத் திட்டம் கேளுங்கள். இன்சுலின், நுண்ணுயிர்க்கொல்லி, புண் சுத்திகரிப்பு என்று எல்லாம் சரியாகவே வரும். கடைசி வரியாக “நன்றாக அறிவுரை கூறல்” என்று ஒருவர் சொல்வார். அதைப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு அடுத்த கதைக்குப் போங்கள்.

அந்த அம்மா தோட்டத்தின் மலை உச்சிப் பிரிவில் இருக்கிறார். கிளினிக் செவ்வாய்க்கிழமை காலை. பிரதான வீதிக்கு இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். முதல் பஸ்ஸை விட்டால் இலக்கம் பின்னால் போய்விடும். அன்று பெரட்டில், அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், நிற்காவிட்டால் பேர் விழாது, சம்பளம் இல்லை. அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதில்தான் வீடு ஓடுகிறது. பேர் விழுந்தாலும் நிறுவையில் தோட்டம் கேட்கும் அளவு, பல தோட்டங்களில் 18 கிலோ, வராவிட்டால் அரைப்பேர்தான். காலையில் சீனிக்குளிசையைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார். ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவது தேத்தண்ணி நேரத்தில். இடைப்பட்ட நேரத்தில், செங்குத்தான நிரையில் நிற்கும்போது, கண் இருட்டிக்கொண்டு வரும். ஒரு தடவை விழுந்தபிறகு குளிசையைப் பாதியாக உடைத்துப் போடத் தொடங்கினார். குருதியமுக்கத்துக்குக் கொடுத்த மூத்திரக் குளிசையை வேலை நாள்களில் தொடுவதே இல்லை, ஏனென்றால் மலையில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லை. அதே காரணத்துக்காகத் தண்ணீரும் குறைத்தே குடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா மருந்தையும் தவறாமல் போடுகிறார்.

வாசித்து முடித்துக் கொஞ்சம் பொறுங்கள். பிறகு கேளுங்கள்: இந்தப் பெண் மருந்து ஒழுங்காக எடுப்பதில்லையா, அல்லது நாம் எழுதிக் கொடுத்த மருந்தில் உள்ள ஆபத்தைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொண்டாரா? பெரும்பாலும் இந்த இடத்தில் ஒரு பொது வைத்திய நிபுணர், யாரும் சொல்லாமலேயே, குளிசையைச் சாப்பாட்டோடு சேர்க்கலாம், மூத்திரக் குளிசைக்குப் பதில் வேறு வகை மருந்து போடலாம், காலுக்கு மருந்து கட்டுவதைத் தோட்ட மருந்தகத்துக்கு எழுதி அனுப்பலாம் என்று திட்டத்தை மாற்றத் தொடங்குவார். மருத்துவம் மேம்பட்டிருக்கிறது; யாரும் யாரையும் இனவாதி என்று குற்றம் சாட்டவில்லை. பலகையில் உள்ள “அறிவுரை கூறல்” அப்படியே இருக்கட்டும், அழிக்க வேண்டாம்.

இனி அந்த இரண்டாவது கதையைப் பெற எத்தனை கேள்வி வேண்டும் என்று குழுக்களாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் நான்கு போதும். காலையில் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? எந்த மருந்து எந்த நாளில் விடுபடுகிறது? கிளினிக்குக்கு வந்தால் அன்று பேர் விழுமா? இங்கிருந்து வீட்டுக்கு எப்படிப் போவீர்கள்? இந்த நான்கையும் சிறிய அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கொடுங்கள். நீண்ட கையேடு யாருடைய மேலங்கிப் பையிலும் நுழையாது.

கருவுற்ற தாய்மாருக்கும் இப்படி ஒரு கதை தயாரிக்கலாம். இரத்தச்சோகை குறையவில்லை என்று திட்டு வாங்கும் பெண், இரும்புக் குளிசையை வெறுந்தேத்தண்ணியோடு விழுங்குகிறார் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தேயிலைச் சாயம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்று இறுதியாண்டுப் பரீட்சையில் எல்லோரும் எழுதியவர்கள்தான்.

உடம்பில் இனத்தைத் தேடும் பழக்கம்

இந்தப் பயிற்சி முறைகளில் பெரும்பகுதி அமெரிக்காவில், கறுப்பின மக்களின் அனுபவத்திலிருந்து உருவானது. அந்த உண்மைகளை அந்த இடத்துக்கே உரியவையாகச் சொல்லுங்கள். மலையகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று இழுக்க வேண்டாம். ஆனாலும் மூன்று விஷயங்களை ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும்.

2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி வைத்தியர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிப்பானது என்பது போன்ற தவறான நம்பிக்கைகளில் ஒன்றையாவது ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். 2020இல், விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி கறுப்பின நோயாளர்களில் உண்மையான ஒட்சிசன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையினத்தவரை விட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று கண்டார்கள். சிறுநீரக வடிகட்டல் வீதத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனிப் பெருக்கி வைத்திருந்ததை அங்குள்ள சிறுநீரக அமைப்புகள் 2021இல் நீக்கின.

ஒட்சிசன் மானி விஷயம் கறுத்த தோல் உள்ள எல்லோருக்கும், ஆகவே நம் வார்ட்டுக்கும் நேரடியாகப் பொருந்தும். வலி பற்றியதை உங்கள் பிரசவ வார்ட்டில் கேட்டுப் பாருங்கள். “தோட்டத்துப் பெண்களுக்கு வேலை செய்து பழகிய உடம்பு, வலி தாங்குவார்கள்” என்ற பேச்சு புகழ்ச்சி போலவே ஒலிக்கும். அதன் பலன், வலிநிவாரணி பிந்துவது. ஆசிரியர்களிடம் இதற்கு ஆதாரம் கேளுங்கள். இராது.

மொழி

2012 குடித்தொகைக் கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழி. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. சட்டத்தில் குறையில்லை. வார்ட்டில் மொழிபெயர்ப்பவர் யார்? கூட்டிக்கொண்டிருந்த சிற்றூழியர், பக்கத்துக் கட்டில் அக்கா, மோசமான சந்தர்ப்பத்தில், தாயோடு வந்த பன்னிரண்டு வயது மகள்.

இதற்கு மூன்று நாற்காலிப் பயிற்சி உதவும். சிங்களம் பேசும் ஆசிரியர் நோயாளி. தமிழ் மட்டும் பேசுவதாக நடிக்கும் ஒருவர் வைத்தியர். நடுவில் அரைகுறையாக மொழிபெயர்ப்பவர். வைத்தியர் மூன்று நிமிடம் ஓர் அறுவைச் சிகிச்சையை விளக்க, நடுவில் இருப்பவர் “ஆப்பரேஷன் பண்ண வேண்டுமாம், கையெழுத்துப் போடட்டாம்” என்று முடித்துவிட வேண்டும். நோயாளியாக இருந்தவரிடம், எதற்கு ஒப்புதல் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். சிரிப்பு எழும், எழுந்து அடங்கட்டும். பிறகு கருத்தடை அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லலாம். எண்பதுகளில் அதற்குப் பண ஊக்கம் கொடுக்கப்பட்ட காலத்தில் தோட்டங்களில் அது பெருமளவில் நடந்தது. எவ்வளவு விளக்கத்தோடு நடந்தது என்ற கசப்பு லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இன்னும் இருக்கிறது. இன்றும் சில குடும்பங்களில் “ஆப்பரேஷன்” என்றவுடன் முகம் இறுகுவதற்கு அது ஒரு காரணம். அதை அறியாத இளம் வைத்தியர் அந்த இறுக்கத்தை அறியாமை என்று எழுதிவிடுவார்.

நடைமுறையில் மூன்று விதிகளை ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். பிள்ளைகளைக் கொண்டு ஒப்புதல் பெறுவதில்லை. மொழிபெயர்த்தவரின் பெயரை டிக்கட்டில் எழுத வேண்டும். விளக்கி முடித்தபின், “புரிந்ததா?” என்று கேட்காமல், “வீட்டில் கேட்டால் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு எவரும் “ஓம் ஐயா” என்றுதான் சொல்வார்கள்.

தமிழ் பேசும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பகுதியில் விடுமுறை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த தமிழ் வைத்தியர், தோட்டத்து நோயாளியை ஒருமையில் அழைப்பதை நான் கேட்டிருக்கிறேன். மொழி ஒன்றாக இருப்பது மரியாதைக்கு உத்தரவாதமில்லை. தன்னை விட மூத்த பெண்ணை “அம்மா, உட்காருங்கள்” என்று அழைப்பது எந்தப் பாடத்திட்டத்திலும் புள்ளி கேட்காது. ஆனாலும் மாணவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ரவுண்ட்ஸில் வாய் திறப்பது

அமெரிக்க வைத்தியர் கமாரா ஜோன்ஸ் 2000ஆம் ஆண்டில் இனவாதத்தை மூன்று மட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்: நிறுவனங்களின் ஏற்பாட்டில் இருப்பது, ஆளுக்கு ஆள் காட்டுவது, பாதிக்கப்பட்டவர் தம்மைப் பற்றித் தாமே நம்பத் தொடங்குவது. செவ்வாய்க்கிழமைக் கிளினிக் முதலாவது. “தோட்டக்காட்டான்” என்ற வசை இரண்டாவது. “நாங்கள் தோட்டத்து ஆள்கள், எங்களுக்கு இது போதும் ஐயா” என்பது மூன்றாவது. ஆசிரியர்களுக்கு இதை விளக்கப் பத்து நிமிடம் போதும், ஏனென்றால் எடுத்துக்காட்டு எல்லோரிடமும் இருக்கிறது.

கடினமானது இரண்டாவது மட்டம் கண்முன் நடக்கும்போது என்ன சொல்வது என்பது. இதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். நாடகத்துக்கு வசனம் பாடமாக்குவது போல. மூத்தவர் தவறாகப் பேசினால் குற்றச்சாட்டாக வேண்டாம், நோயாளியைப் பற்றிய கேள்வியாகக் கேளுங்கள்: “சேர், இவர் கிளினிக்கை ஏன் விட்டார் என்று கேட்டுப் பார்க்கலாமா?” இளையவர் பேசினால் வார்ட்டுக்கு வெளியே, தனியாக, அன்றே: “அந்தச் சொல்லை இங்கே பயன்படுத்துவதில்லை. நாளை இவரின் வரலாற்றை மறுபடி எடுத்து எனக்குச் சொல்லுங்கள்.” நோயாளி காதில் விழுந்திருந்தால், மாணவர்கள் முன்னிலையிலேயே நோயாளியிடம் முதலில் மன்னிப்பு. மற்றதெல்லாம் பிறகு. சிங்களத்தில் சொல்லப்பட்ட வசை நோயாளிக்குப் புரிந்திராது என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் புரியும்.

ஒவ்வொருவரும் இந்த மூன்று வசனங்களையும் தம் சொந்தச் சொற்களில், தம் மொழியில், இரண்டிரண்டு பேராகச் சொல்லிப் பார்க்கட்டும். கூச்சம் இருக்கும். அறையில் கூச்சம் தெளிந்தவர் வார்ட்டிலும் கூசமாட்டார்.

மறைமுகச் சார்பை அளக்கும் கணினிச் சோதனைகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஆர்வத்துக்குச் செய்து பார்க்கலாம். அதையே பயிற்சியாக்க வேண்டாம். 492 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு மீளாய்வு ஒன்று, அந்தச் சோதனைப் புள்ளிகளை மாற்றினாலும் மனிதரின் நடத்தை அதோடு சேர்ந்து மாறுவதாகக் காணவில்லை. அதை விட 1998இல் மெலனி டெர்வலனும் ஜான் மரே-கார்சியாவும் முன்வைத்த பண்பாட்டுப் பணிவு என்ற கருத்து பயனுள்ளது: பிறர் பண்பாட்டைக் கற்றுத் தேர்ந்துவிட்டேன் என்று யாரும் சான்றிதழ் வாங்க முடியாது, நோயாளியிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மலையகப் பண்பாடு பற்றிப் பத்துக் குறிப்பு என்று ஒரு தாள் அடித்துக் கொடுக்கும் ஆசை உங்களுக்கு வந்தால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சையில் இடம்

இதில் நீட்ட ஒன்றுமில்லை. பரீட்சையில் வராததை மாணவர் படிக்கமாட்டார், ஆசிரியர் கற்பிக்கமாட்டார். இறுதியாண்டுச் செயன்முறைப் பரீட்சையில் மொழிபெயர்ப்பாளர் மூலம் வரலாறு எடுக்கும் ஒரு நிலையம் வையுங்கள். நோயாளியைப் பார்த்துப் பேசினாரா, தடைகளைக் கேட்டாரா, புரிந்ததைச் சரிபார்த்தாரா என்று புள்ளித்தாளில் மூன்று வரி. செயலமர்வின் கடைசி அரை மணி நேரத்தில் அந்தப் புள்ளித்தாளை ஆசிரியர்களே எழுதட்டும். தாங்கள் எழுதியதை அவர்கள் எதிர்க்கமாட்டார்கள்.

எதிர்ப்பு எப்படி வரும்

“இது ஏழ்மைப் பிரச்சினை, இனப் பிரச்சினை இல்லை.” பாதி உண்மை. கிராமத்திலும் ஏழைகள் உண்டு; அவர்களை யாரும் நாடற்றவர்களாக்கவில்லை, அவர்களின் வைத்தியத்தை முதலாளியிடம் ஒப்படைக்கவும் இல்லை. விவாதத்தை அங்கே நிறுத்திவிட்டு டிக்கட்டுகளுக்குத் திரும்புங்கள்.

“நான் எல்லோரையும் ஒரே மாதிரித்தான் நடத்துகிறேன்.” இவரோடு மோத வேண்டாம். நடந்து வருகிறவருக்கும் வாகனத்தில் வருகிறவருக்கும் ஒரே திகதி கொடுப்பது சமத்துவமா என்று மட்டும் கேளுங்கள். “நேரமில்லை” என்பவருக்கு அட்டையில் உள்ள நான்கு கேள்வியையும் மணிக்கூடு வைத்துக் கேட்டுக் காட்டுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். அரசியல் வேண்டாம் என்று எழுந்து போகிறவர் ஒருவர் இருப்பார். போகட்டும். அடுத்த முறை அவர் வார்ட்டின் தாதியரை அழையுங்கள்.

மூன்று மாதம் கழித்து

செயலமர்வு முடிந்ததும் நிரப்பப்படும் கருத்துப் படிவங்களில் எல்லோரும் “மிகவும் பயனுள்ளது” என்றுதான் எழுதுவார்கள். அவற்றை ஒரு கோப்பில் போட்டு மூடுங்கள். மூன்று மாதம் கழித்து, அதே வார்ட்டுகளில், அதே எண்ணிக்கை டிக்கட்டுகளை, அதே சிவப்புப் பேனாவோடு மறுபடி பாருங்கள். எல்லாவற்றையும் அளக்க முயல வேண்டாம். தொடக்கத்துக்கு நீரிழிவுக் கிளினிக்கும் பிரசவ வார்ட்டும் போதும். கிளினிக் தவறியதற்குக் காரணம் எழுதப்பட்டவை எத்தனை, மொழிபெயர்த்தவர் பெயர் உள்ளவை எத்தனை என்ற இரண்டு எண்கள்.

காரணங்கள் எழுதத் தொடங்கியவுடன் ஒன்று தெரியவரும். அவற்றில் பெரும்பாலானவை எந்த ஆசிரியரும் தன்னந்தனியாகத் தீர்க்கக் கூடியவையல்ல: கிளினிக் நாள், பஸ் நேரம், வெளியே காசுக்கு வாங்கச் சொல்லும் மருந்து. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பணிப்பாளரிடமும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும் எழுத்தில் போங்கள். பேர் விழாமல் போகும் பிரச்சினைக்குத் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். கிளினிக்கை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற ஆளணி இல்லை என்ற பதில் வரும். அதற்கு முன்பே, மாதத்துக்கு ஒரு முறை மலை உச்சிப் பிரிவின் மருந்தகத்தில் கிளினிக் நடத்த எத்தனை வைத்தியர், எத்தனை தாதியர், எத்தனை மணி நேரம், எந்த வாகனம் என்று கணக்குப் போட்டு, கடிதத்தோடு இணைத்துவிடுங்கள்.